சான்றிதழில் யார் முத்திரை?

பிளஸ் 2 தேர்வு முடிவு வந்த மறுநாளே மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் சுவர்களில் நோட்டீஸ் ஏறிவிடும். ‘பாராமெடிக்கல் படிப்பு, ஓராண்டு, 100 சதவீத வேலை உறுதி’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் எனப் பேருந்து நிலையம் உள்ள ஊர்களில் ஏதாவது ஒரு கடை மாடியில் இப்படி ஒரு நிறுவனத்தைப் பார்க்கலாம். இரண்டு அறை, ஒரு எலும்புக்கூட்டுப் படம், வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகளின் புகைப்படம். நோட்டீஸ் ஒட்டுவதோடு இவர்கள் நிற்பதில்லை. மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பி, நம் தெருக்களில் வீடு வீடாகப் பேசச் சொல்கிறார்கள். ஊர்த் தெருவில் இந்தப் பேச்சு அவ்வளவாக எடுபடாது. அங்கே விசாரித்துச் சொல்ல ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். முதல் தலைமுறையாகப் படிக்கும் வீட்டில் விசாரிக்க ஆள் இல்லை என்பது ஏஜென்டுக்கு நன்றாகத் தெரியும்.

சென்ற ஆண்டு மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா நம்மைப் பார்க்க வந்திருந்தார். நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். மகளின் சான்றிதழை மஞ்சப்பையில் மடிக்காமல் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பளபளப்பான தாள், தங்க நிற முத்திரை, மேலே ‘அவசர மருத்துவ உதவியாளர் பட்டயம்’ என்ற தலைப்பு. கீழே ஒரு பதிவு எண். “அரசாங்கத்துல பதிவு பண்ணுனதுன்னு சொன்னாங்கய்யா” என்றார். அந்த எண் என்ன என்று பார்த்தால், நிறுவனத்தை நடத்தும் அறக்கட்டளையைப் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த எண். அறக்கட்டளையை யார் வேண்டுமானாலும் பதியலாம். படிப்பை அங்கீகரிப்பது வேறு. பல்கலைக்கழகத்தின் பெயரோ அரசுத் துறையின் பெயரோ அந்தத் தாளில் எங்கும் இல்லை. 108 ஆம்புலன்ஸ் ஆள்தேர்வு முகாமுக்கு மகள் போனபோது அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கம்மலும் போனது, ஒரு வருடமும் போனது.

இதைச் சொல்வதால் நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கே போகக்கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டாயம் போக வேண்டும் என்பதுதான் நம் கருத்து. மதுரையைச் சுற்றி நாற்கரச் சாலைகள் நான்கு திசையிலும் ஓடுகின்றன. கப்பலூர், திருமங்கலம், மேலூர் என்று விபத்து நடக்காத நாள் குறைவு. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் ஜல்லிக்கட்டு நாளில் வாடிவாசலுக்குச் சற்றுத் தள்ளி ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வயலில் பாம்பு கடித்தவரையும், நடுராத்திரியில் வலி கண்ட பெண்ணையும் முதலில் தொடுகிறவர் டாக்டர் அல்ல, அந்த வண்டியில் வரும் மருத்துவ உதவியாளர்தான். பல பிரசவங்கள் அந்த வண்டிக்குள்ளேயே நடக்கின்றன.

தொடுவது என்றவுடன் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஆஸ்பத்திரியில் நம்மவருக்கென்று காலங்காலமாக ஒதுக்கிய வேலைகள் கூட்டுவது, கழிவறை கழுவுவது, பிணவறையில் நிற்பது. அதற்கு முன்னால் கிராமத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள்தான். ரத்தம் தீட்டு என்று மற்றவர் விலகி நின்ற இடத்தில் அவர்கள் கை வைத்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரே ஒரு சித்த வைத்தியர். பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போய், அதற்குப் படிப்பும் சீருடையும் சம்பளமும் வந்தபோது அந்த மருத்துவச்சிகளின் பேத்திகள் எத்தனை பேர் அந்தச் சீருடையைப் போட்டார்கள்? வேலைக்கு மரியாதை வரும் நேரத்தில் வாசல் யாருக்கு மூடுகிறது என்ற இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

‘பாராமெடிக்கல்’ என்ற சொல்லிலேயே முதல் குழப்பம் இருக்கிறது. நம் ஊரில் ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ், அறுவை அரங்கம், இ.சி.ஜி. எல்லாவற்றையும் சேர்த்துத் துணை மருத்துவப் படிப்பு என்கிறோம். வெளிநாட்டில் பாராமெடிக் என்றால் ஆம்புலன்ஸில் வந்து உயிரைப் பிடித்து நிறுத்துகிறவர் மட்டுமே. அந்த வேலைக்கு இங்கே நேரடியான பட்டப்படிப்பு பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கிறது. மூன்று ஆண்டு படிப்பு, அதன்பின் ஓராண்டு இன்டர்ன்ஷிப். தீவிர சிகிச்சை, மயக்கவியல் மற்றும் அறுவை அரங்கம், டயாலிசிஸ், இதயத் தொழில்நுட்பம், கதிரியக்கம் என அதன் உடன்பிறப்புகள் பல உண்டு. இவற்றுக்கான சேர்க்கையை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு மூலம் நடத்துகிறது. பிளஸ் 2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்தான் கணக்கு. இட ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம். அரசுக் கல்லூரி மட்டுமல்ல, தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இந்தக் கலந்தாய்வில்தான் நிரம்புகின்றன.

மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கியது. நமக்குப் பெரியாஸ்பத்திரி என்றால்தான் புரியும். அங்கே துணை மருத்துவப் பட்டப்படிப்புகளோடு பட்டய, சான்றிதழ்ப் படிப்புகளும் நடக்கின்றன. தேனி, சிவகங்கை, திண்டுக்கல், விருதுநகர், ராமநாதபுரம் என்று பேருந்தில் போய்வரும் தூரத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கடைசி மூன்றும் 2022 ஜனவரியில் திறந்தவை. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு, எத்தனை இடம் என்பது ஆண்டுதோறும் தேர்வுக் குழுவின் தகவல் கையேட்டில் வரும். அந்தக் கையேட்டை நம் பள்ளிகளில் எத்தனை ஆசிரியர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொரு செய்தி. 108இல் சேர்வதற்கென்று எந்த நிறுவனத்திலும் பணம் கட்டிப் படிக்க வேண்டியதில்லை. அவர்களுடைய ஆள்தேர்வு விளம்பரம் நாளிதழ்களில் வரும். நர்சிங் பட்டமோ பட்டயமோ, ஏ.என்.எம்., டி.எம்.எல்.டி., விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பட்டமோ இருப்பவர்களைத்தான் மருத்துவ உதவியாளர் பணிக்கு அழைக்கிறார்கள். வயது 19க்கு மேல், 30க்குள். எழுத்துத் தேர்வு, உடற்கூறியலிலும் முதலுதவியிலும் கேள்வி, பிறகு நேர்முகம். தேர்வானவர்களுக்குச் சுமார் 50 நாள் பயிற்சியை அவர்களே கொடுக்கிறார்கள். ஆக, விலங்கியல் படித்த ஒரு பெண் அரசுக் கலைக் கல்லூரியிலிருந்து நேரே அந்த வண்டியில் ஏற முடியும். கடை மாடியில் ஓராண்டு உட்கார்ந்த பிள்ளை ஏற முடியாது. ‘108 வேலைக்கான சிறப்புப் பயிற்சி’ என்று யாராவது காசு கேட்டால் நோட்டீஸை மடித்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

அந்த வேலையின் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. அது அரசுப் பணி அல்ல. அரசு பணம் கொடுக்க, தனியார் நிறுவனம் நடத்தும் சேவை. ஒரு ஷிப்ட் 12 மணி நேரம். எட்டு மணி நேர வேலை, ஊதிய உயர்வு, போனஸ் என்று அதன் தொழிலாளர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். சில கிராமங்களுக்குள் வண்டி போனால், அடிபட்டவரைத் தூக்குவதற்கு முன்பே “தம்பிக்கு எந்த ஊரு, எந்தத் தெரு?” என்று கேட்பார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. அந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு நாடி பிடிப்பவனுக்குத் தொழிலில் உறுதியான பிடி வேண்டும். நல்ல பயிற்சி இதற்காகவும்தான்.

‘கை வேலை தெரிந்தால் போதாதா, தாளில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கிற அப்பாக்கள் உண்டு. நியாயமான கேள்விதான். போதாது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். இன்று உலகமே மதிக்கும் இந்த பாராமெடிக் தொழிலைத் தெருவில் முதலில் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர்கள் நம்மைப் போலவே ஒதுக்கப்பட்டவர்கள்.

1960களில் பிட்ஸ்பர்க் என்ற தொழில் நகரத்தில் யாராவது மயங்கி விழுந்தால் போலீஸ் வேன்தான் வரும். பின்பக்கம் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஆள் கிடையாது. அந்த நாட்டின் பல ஊர்களில் சவ ஊர்தியே ஆம்புலன்ஸ். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதிக்கு அந்தப் போலீஸ் வேனும் ஒழுங்காக வராது. அங்கே பீட்டர் சஃபார் என்று ஒரு மயக்கவியல் மருத்துவர் இருந்தார். நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் சி.பி.ஆர். முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். 1966இல் சொந்த மகளையே ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தவர். 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற கறுப்பின மக்கள் அமைப்போடு சேர்ந்து, அந்தப் பகுதி இளைஞர்களுக்குச் சுமார் 300 மணி நேரப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் இருந்தார்கள். வியட்நாம் போருக்குப் போய்வந்தவர்கள் இருந்தார்கள். எந்த வேலைக்கும் ஆகமாட்டார்கள் என்று நகரம் கைவிட்டவர்கள் அவர்கள்.

அவர்கள் வண்டியில் ஏறிய பிறகு நிலைமை மாறியது. உடற்கூறியல் படித்தார்கள், ஆஸ்பத்திரியில் நின்று பழகினார்கள், தெருவிலேயே மூச்சுக்குழாய் பொருத்தவும் இதயத் துடிப்பைப் பதிவு செய்யவும் கற்றார்கள். பிட்ஸ்பர்க்கின் வசதியான வெள்ளையர் பகுதிகளில் போலீஸ் வேன் வந்துகொண்டிருந்த நாட்களில், ஏழைக் கறுப்பினத் தெருக்களில் அந்த நாட்டின் மிகச் சிறந்த ஆம்புலன்ஸ் சேவை நடந்துகொண்டிருந்தது. பின்னாளில் நான்சி கரோலின் என்ற இளம் பெண் மருத்துவர் அதன் மருத்துவ இயக்குநராக வந்தார். அமெரிக்கா முழுவதற்குமான பாராமெடிக் பாடத்திட்டத்தை அவர் எழுதியது இந்த ஊழியர்களோடு வேலை செய்த அனுபவத்திலிருந்துதான்.

1975இல் நகராட்சி தானே ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கி, ஃப்ரீடம் ஹவுஸுக்கான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. பழைய ஊழியர்களை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கரோலின் நிபந்தனை வைத்தார். எடுத்துக்கொண்டார்கள். பிறகு புதுத் தேர்வு வைத்தார்கள், புது விதி போட்டார்கள். அனுபவம் குறைந்த வெள்ளையர்களை மேலே உட்கார வைத்து, இவர்களைப் பெட்டி தூக்கும் வேலைக்கு இறக்கினார்கள். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். எட்டு வருடம் தெருவில் உயிரைக் காப்பாற்றிய கைகள் அவை. அந்தத் தொழிலுக்கு மரியாதையும் சம்பளமும் வந்த நாளில் அவர்களிடம் அனுபவம் இருந்தது. மற்றவர் மதித்தே தீர வேண்டிய தகுதிச் சான்று பலரிடம் இல்லை. நிறவெறிக்கு அது ஒரு சாக்காகிவிட்டது. அந்தச் சான்று கையில் இருந்திருந்தாலும் வெளியேற்றியிருப்பார்களோ என்னவோ. ஆனால் அவ்வளவு சுலபமாக வெளியேற்றியிருக்க முடியாது.

அந்த வாசல் நம் நாட்டில் இப்போதுதான் கட்டப்படுகிறது. 2021 மார்ச்சில் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் என்று பெயர். டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில் போல, வக்கீலுக்கு பார் கவுன்சில் போல, இந்தத் தொழில்களுக்கும் ஒரு பதிவேடு இருக்கும் என்கிறது அந்தச் சட்டம். ஆம்புலன்ஸ் பாராமெடிக்கின் பெயரும் அதன் அட்டவணையில் இருக்கிறது. மாநிலங்கள் நடைமுறைப்படுத்தத் தாமதித்தன. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டுக் கெடு விதித்தது. மெதுவாக நடந்தாலும் இது நடக்கப் போகிறது.

சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒரு வரையறை. துணை மருத்துவத் தொழிலர் என்றால், குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவிய பட்டயமோ பட்டமோ பெற்றிருக்க வேண்டும். அதற்கு மேல்நிலையில் உள்ள சுகாதாரத் தொழிலருக்கு 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு ஆண்டு. இப்போது கடை மாடி நிறுவனத்துக்கு வாருங்கள். தினமும் மூன்று மணி நேர வகுப்பு, ஆண்டுக்கு 200 நாள் என்று தாராளமாக வைத்தாலும் 600 மணி நேரம்தான் தேறும். பதிவேடு திறக்கும் நாளில் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு எந்த வரிசையில் நிற்பது?

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளையும் தனியார் மாடிப் படிப்புகளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆய்வக நுட்புநர் நிலை 3 போன்ற பணிகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுத்த அறிவிப்புகளில், மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் உள்ள நிறுவனத்திலோ அரசு அங்கீகரித்த நிறுவனத்திலோ பெற்ற ஓராண்டுச் சான்றிதழ் தகுதியாக இருந்திருக்கிறது. நம் பிள்ளைகள் சிலர் அந்த வழியில் அரசு வேலைக்குப் போயிருக்கிறார்கள். எனவே குடும்பச் சூழல் காரணமாக ஓராண்டுதான் படிக்க முடியும் என்றால் அரசு மருத்துவக் கல்லூரியில் படியுங்கள். ஆனால் இரண்டாண்டுப் பட்டயமோ நான்காண்டுப் பட்டமோ எட்டும் தூரத்தில் இருந்தால் ஓராண்டோடு நிற்காதீர்கள். புதுச் சட்டம் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. தோப்பூரில் 2019இல் அடிக்கல் நாட்டிய எய்ம்ஸ் முழுதாக எழும்போது அங்கே தொழில்நுட்பர்களை எடுப்பார்கள். அப்போது எந்தத் தாள் கையில் இருக்கிறது என்பதுதான் பேசும்.

அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றியும் கேட்பார்கள். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியது. கிராமத்துப் பெண்களை பிளஸ் 2 முடித்ததும் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையோடு இரண்டாண்டு பயிற்சி கொடுத்து, அங்கேயே வேலையும் கொடுக்கிறார்கள். பணம் வாங்காமல் பணம் கொடுத்துக் கற்றுத் தருகிற இடம் என்பதால் இதை மாடி நிறுவனங்களோடு சேர்க்க முடியாது. கண் மருத்துவத்துக்கென்றே அமைந்த பயிற்சி அது. ஆம்புலன்ஸ் வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைக்கு அது வேறு பாதை.

ஒரு நிறுவனம் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க நம் சமூகத்துக்கு மட்டும் ஒரு எளிய உரைகல் உண்டு. “இந்தப் படிப்புக்கு ஆதிதிராவிடர் நலத்துறை ஸ்காலர்ஷிப் வருமா?” என்று கேளுங்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பட்டியல் சாதிக் குடும்பத்து மாணவர்களுக்கானது. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று செலவைப் பகிர்கின்றன. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு மட்டுமே அது வரும். ஆகவே கேள்வியைக் கேட்டதும் நிறுவனத்தின் முகத்தைப் பாருங்கள். “அதெல்லாம் லேட்டாகும்மா, நாங்களே உங்களுக்கு அஞ்சாயிரம் குறைச்சுக்கிறோம்” என்று பதில் வந்தால் அங்கே அங்கீகாரம் இல்லை என்று அர்த்தம். குறைப்பது கருணையால் அல்ல. வாயால் ‘வரும்’ என்று சொன்னாலும் நம்பாதீர்கள். முந்தைய ஆண்டு மாணவர் யாருக்காவது வங்கிக் கணக்கில் வந்ததா என்று விசாரியுங்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் தெரிந்துவிடும்.

நல்ல கல்லூரியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கலந்தாய்வில் இடம் கிடைக்கும் வரை காத்திருக்கப் பயந்து, “இப்பவே கட்டினா சீட்டு” என்ற பேச்சில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிடுகிறார்கள். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. அதே கல்லூரி, அதே வகுப்பு, அதே பெஞ்சு. ஒரு பிள்ளைக்கு அரசு கட்டணம் கட்டுகிறது, பக்கத்துப் பிள்ளையின் அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார். இரண்டு மாதப் பொறுமைதான் வித்தியாசம். சேர்ந்தபின் மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, வேறு கல்லூரியில் இடம் கிடைத்தால் முழுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்பார்கள். சரிபார்க்கப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டியதுதான் முறை, பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. மூலத்தைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதுவும் முறையான கல்லூரியில் சேர்ந்தால்தான். பேருந்துக் கட்டணத்துக்கும் சீருடைக்கும் அந்த ஆயிரம் உதவும்.

படிப்பு சரி, முத்திரை சரி என்றான பிறகு கேட்க வேண்டிய கேள்வி, பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில் என்பது. எத்தனை படுக்கை, விபத்துப் பிரிவு உண்டா, இரவுப் பணியில் நிற்க விடுவார்களா? ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழகுவது முதல் வாரத்துக்குப் போதும். பெரியாஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் ஒரு சனிக்கிழமை இரவு நின்ற பிள்ளை கற்றதை எந்தப் பொம்மையும் கற்றுத் தராது. பெண் பிள்ளை இரவில் நிற்பதா என்று தயங்கும் தாய்மார்கள், விடுதி எங்கே, ஷிப்ட் முடிந்து எப்படித் திரும்புவார்கள் என்று கல்லூரியிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

சில பொறுப்புகள் அரசின் பக்கம் இருக்கின்றன. இந்தப் படிப்புகளுக்கான வாசல் உண்மையில் பத்தாம் வகுப்போடு தீர்மானமாகிவிடுகிறது. பிளஸ் 1இல் உயிரியல் பிரிவு எடுக்காத பிள்ளைக்கு நாம் மேலே சொன்ன துணை மருத்துவப் பட்டப்படிப்புகள் இல்லை. நம் தெருப் பிள்ளைகள் படிக்கும் பல பள்ளிகளில் ஆய்வகத்துக்குப் பூட்டு, அறிவியல் ஆசிரியர் இடம் காலி என்ற நிலை. “உனக்கு சயின்ஸ் வராது, காமர்ஸ் எடு” என்று தள்ளிவிடுவது அங்கே சுலபமாகிவிடுகிறது. மாவட்ட நிர்வாகம் கல்லூரிக் கனவு நிகழ்ச்சியை பிளஸ் 2 பிள்ளைகளுக்கு நடத்துகிறது, நல்லது. அதே நிகழ்ச்சியை ஏப்ரலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் நடத்த வேண்டும். மாவட்டத்தில் அங்கீகாரம் உள்ள துணை மருத்துவ நிறுவனங்களின் பட்டியலை அச்சடித்து ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். ஏஜென்டின் நோட்டீஸுக்கு முன்பே அது ஒட்டப்பட வேண்டும். தாட்கோ வழியாக நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகளிலும், இந்தச் சான்றிதழ் புதுச் சட்டத்தின் பதிவேட்டில் செல்லுமா செல்லாதா என்று விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும்.

பல ஆண்டுகளாக 108 வண்டியில் வேலை செய்துகொண்டிருக்கும் மருத்துவ உதவியாளர்களை மறந்துவிடக் கூடாது. அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 50 நாள் பயிற்சியும் ஆயிரக்கணக்கான இரவுகளும் இருக்கின்றன. நாளை பதிவேடு திறக்கும்போது அந்த இரவுகளைக் கணக்கில் எடுத்து, விட்டுப்போன மணி நேரங்களை வேலையோடு சேர்த்தே படித்து முடிக்க ஒரு இணைப்புப் படிப்பை மருத்துவப் பல்கலைக்கழகம் இப்போதே உருவாக்க வேண்டும். பிட்ஸ்பர்க்கில் நகராட்சி அதைச் செய்யவில்லை.

விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்களுக்கு இப்போது உடனடி வேலை ஒன்று இருக்கிறது. தேர்வுக் குழுவின் அறிவிப்பு வந்தபிறகு சாதிச் சான்றிதழுக்கு அலையாதீர்கள், அந்த நாட்களில் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது. சாதி, வருமானம், இருப்பிடம் மூன்றுக்கும் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றிதழில் வருமானம் சரியாக இருக்கிறதா, சாதிச் சான்றிதழில் பெயரும் தலைப்பெழுத்தும் மதிப்பெண் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு உதவித்தொகை வராமல் நம்மிடம் வந்தவர்களில் பலருடைய சிக்கல் இந்தக் கடைசி வரியில்தான் இருந்தது.